இரண்டு மௌனங்களுக்கு நடுவே

காலை எட்டரை மணிக்கெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியின் புறநோயாளர் பகுதி நிரம்பிவிடுகிறது. ஓ.பி. சீட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் வேகமாக நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்காமல், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி தொற்றா நோய்ப் பிரிவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, உட்காருவதற்கு முன்பே இடக்கையை நீட்டினாள். மேஜைக்கு அப்பால் இருந்த நர்ஸ் அந்தக் கையைப் பற்றவில்லை.

“வேகமா நடந்து வந்திருக்கீங்க பாட்டி. அந்த நாற்காலியில முதுகைச் சாய்ச்சு உட்காருங்க. அஞ்சு நிமிஷம் போகட்டும், பாக்குறேன்.”

“சட்டுனு பாத்து விட்டுடு தாயி. பத்து மணி வண்டியை விட்டா அப்புறம் மத்தியானம்தான்.”

“இப்பப் பாத்தா உங்க பிரஷர் தெரியாது பாட்டி, நீங்க நடந்து வந்த நடைதான் தெரியும்.”

உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்த நான், பக்கத்துப் பெஞ்சில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் வரிசையில் காத்திருக்கும்போது ஒருத்தியைச் சும்மா உட்கார வைப்பது காலத்தை வீணாக்குவதாகவே அந்தச் சமயம் எனக்குத் தோன்றியது. பிற்பாடு இவ்விஷயத்தைப் பற்றிப் படித்தும், வைத்தியர்களிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டபோதுதான், உயர் ரத்த அழுத்தம் என்னும் வியாதியை அளப்பதற்கும் அதை அடக்கி ஆளுவதற்கும் வேண்டிய முதல் மூலதனம் பொறுமை என்பதும், அந்த நர்ஸ் அன்று செய்தது வைத்தியத்தின் ஆரம்பமே என்பதும் எனக்கு விளங்கின.

நம்முடைய இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் எழுபது தடவை சுருங்கி விரிகிறது. சுருங்கும்போது ரத்தத்தைத் தமனிகளுக்குள் உந்தித் தள்ளுகிறது. அந்த வேளையில் ரத்தம் குழாய்களின் சுவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அதுவே டாக்டர் சீட்டில் எழுதும் மேல் எண். இருதயம் விரிந்து இளைப்பாறும் கணத்திலும் அந்தச் சுவர்களின்மேல் ஓரளவு அழுத்தம் எஞ்சி நிற்கிறது. அதுவே கீழ் எண். 120/80 என்றால், முதல் அழுத்தம் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்கும், இரண்டாவது 80 மில்லிமீட்டர் உயரத்துக்கும் தாங்கிப் பிடிக்க வல்லது என்று அர்த்தம்.

நம் ஜனங்கள் இவ்வியாதியை நெடுங்காலமாக ‘ரத்தக் கொதிப்பு’ என்று வழங்கி வருகிறார்கள். வார்த்தை அழகானதுதான், ஆனால் அதனால் ஒரு விபரீதமும் விளைந்திருக்கிறது. கொதிப்பு என்றதும் கோபக்காரர்களுக்கும் படபடப்பானவர்களுக்கும் மட்டுமே அது வரும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. “நான் யாரையும் அதிர்ந்து ஒரு சொல் சொன்னதில்லையே, எனக்கு எப்படிக் கொதிப்பு வரும்?” என்று கேட்கும் சாதுக்கள் அநேகர். உண்மையில் ரத்தம் கொதிப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. வயதாலும், பரம்பரையாலும், உப்பாலும், உடற்பருமனாலும், மதுவாலும், சில சமயம் சிறுநீரகக் கோளாறாலும், சிறிய ரத்தக் குழாய்கள் இறுகிப்போக, அவற்றின் வழியே ரத்தத்தைச் செலுத்த இருதயம் அதிகமாகப் பாடுபடுகிறது. தலைவலியோ மயக்கமோ பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. உலகத்தில் முப்பது வயதுக்கும் எழுபத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 2019-இல் சுமார் 128 கோடிப் பேருக்கு இது இருந்ததாகவும், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதை அறியாமலே நடமாடியதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வலிக்காத நோயை நோயாளி எப்படி அறிவான்? அளந்து பார்த்தால்தான் உண்டு.

அளக்கும் வித்தையோ எளிதில் கைகூடவில்லை. இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர், ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழல் ஒன்றைச் செருகி, அதனோடு ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தியபோது, ரத்தம் அந்தக் குழாயில் எட்டு அடிக்கு மேல் ஏறி, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் உயர்ந்து தாழ்ந்து நின்றது. இதை அவர் 1733-ஆம் வருஷம் நூலாக வெளியிட்டார். மகத்தான பரிசோதனைதான், ஆனால் உயிருள்ள மனிதனிடம் செய்யத் தக்கதன்று. 1828-இல் பாரிஸில் புவாஸேய் என்ற இளம் வைத்தியர், ரத்தத்தை ரத்தத்தாலேயே அளக்காமல், தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்குக்கு மேல் கனமுள்ள பாதரசத்தால் அளக்கலாம் என்று காட்டவே, கூரையைத் தொடும் குழாய்க்குப் பதிலாக ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குள் காரியம் முடிந்தது. அப்போதும் தமனியைக் கீறியே ஆகவேண்டியிருந்தது.

கீறாமல் அளக்கும் வழியை எல்லோருக்கும் கைவரச் செய்தவர் இத்தாலியிலுள்ள டூரின் நகரத்து வைத்தியர் ரீவா ரோச்சி. 1896-இல் அவர் செய்த கருவியில் மைக்கூடும், சைக்கிள் சக்கரத்தின் உள்டியூப் ரப்பரும் உறுப்புகளாக இருந்தனவாம். மேல்கையில் பட்டையைச் சுற்றி, காற்றை அடைத்து, மணிக்கட்டில் நாடி நின்றுபோகும் அளவைப் பாதரசத்தில் பார்த்துக்கொள்வது அவருடைய முறை. அதனால் மேல் எண் கிடைத்தது; கீழ் எண் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ருஷ்ய ராணுவ அறுவை வைத்தியரான நிக்கொலாய் கொரோட்காவ். ருஷ்ய-ஜப்பானிய யுத்தத்தின்போது ரத்தக் குழாய்களில் காயம்பட்டவர்களைக் கவனித்துப் பழகியவர் அவர். தமனியின்மேல் குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்பது அவருக்குக் கைவந்த பழக்கம். 1905-இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ வைத்தியக் கல்லூரியில், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சிறிய அறிக்கை ஒன்றில், பட்டைக்குக் கீழே முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் என்ன கேட்கும் என்பதை அவர் சொன்னார். உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் ஒரு நூற்றாண்டுக் காலம் நடந்து வந்த முறைக்கு அந்த ஒரு பக்கமே ஆதாரம்.

அவர் கேட்டது இதுதான். பட்டைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ரத்தத்தின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரை தமனி முழுதும் நசுங்கிக் கிடக்கிறது, ரத்தம் ஓடவில்லை, காதுக்கு மௌனம். காற்றை மெல்ல மெல்ல வெளியே விடும்போது, இருதயத்தின் முழு உந்துதலுக்குச் சமமான நிலை வந்ததும், ரத்தம் ஒரு துளிப் பொழுது அந்த இடுக்கைத் திறந்துகொண்டு பீறிடுகிறது. ‘டப்’ என்று ஒரு தட்டு. அந்தக் கணத்தில் பாதரசம் காட்டும் அளவே மேல் எண். மேலும் இறங்க இறங்கத் தட்டுகள் உரத்து, பின்பு மங்கி, தமனி எந்நேரமும் திறந்தே இருக்கும் நிலை வந்ததும், தடையில்லாமல் ஓடும் ஆறுபோல ரத்தம் சத்தமின்றி ஓடுகிறது, மறுபடியும் மௌனம். அங்கே கீழ் எண். இரண்டு மௌனங்களுக்கு நடுவே கேட்கும் சில விநாடிச் சத்தம்தான், பேசாத இவ்வியாதி நமக்கு வாய்திறந்து சொல்லும் செய்தி.

அத்தனை மெல்லிய செய்தி எத்தனை சுலபமாகப் பிழைபட்டுப் போகும் என்று யோசித்துப் பார்த்தால், அன்று அந்த நர்ஸ் செய்த ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் காரணம் புலப்படும். ஐந்து நிமிஷம் கழிந்ததும் அவள் மூதாட்டியின் குறுக்கே போட்டிருந்த காலை எடுத்துப் பாதங்களைத் தரையில் பதிக்கச் சொன்னாள். கால்மேல் கால் போட்டிருந்தால் அழுத்தம் கூடிக் காட்டும். “ஒண்ணுக்குப் போகணுமா பாட்டி?” என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள்; சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் எண் உயரும். அரைமணி நேரத்துக்குள் காப்பி குடித்தாளா, புகையிலை போட்டாளா என்றும் கேட்டுக்கொண்டாள். ரவிக்கையின் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறுபோல் இறுகும் என்று அதைத் தளர்த்திவிட்டு, வெறுங்கையில் பட்டையைச் சுற்றினாள். கையை மேஜையின்மேல் இருதயத்தின் மட்டத்துக்குத் தாங்கி வைத்தாள். கை பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கினால் போதும், இல்லாத எட்டு மில்லிமீட்டர் அழுத்தம் கணக்கில் வந்து ஏறிவிடும். பட்டைக்குள் இருக்கும் ரப்பர்ப் பை கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையாவது தழுவவேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால், நோயில்லாதவருக்கும் நோய் இருப்பதாகக் காட்டும்.

பிறகு மணிக்கட்டில் விரலை வைத்து நாடி மறையும் அளவைக் கண்டுகொண்டு, அதற்கு மேல் முப்பது மில்லிமீட்டர் வரை காற்றடித்தாள். சிலருக்கு மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலேயே சத்தம் சிறிது நேரம் மறைந்துபோய் மறுபடி தோன்றுவதுண்டு. நாடியைத் தொட்டுப் பாராமல் காதை மட்டும் நம்பினால், அந்த நடுவழி மௌனத்தை முதல் மௌனமென்று எண்ணி ஏமாந்துபோக நேரும். காற்றை விநாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் இறங்கவிடக் கூடாது. பாட்டி ஏதோ பேச வாயெடுத்தாள். நர்ஸ் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பேசினாலும் அழுத்தம் ஏறும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது முறையும் பார்த்தாள். முதல் தடவை வருகிறவர்களுக்கு இரண்டு கைகளிலும் பார்த்து, எண் அதிகமுள்ள கையையே பிற்பாடு வழக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். முதியவர்களை எழுந்து நிற்கச் செய்தும் பார்ப்பதுண்டு. எழுந்ததும் அழுத்தம் விழுகிறவர்கள் மாத்திரையின் வேகத்தில் தலைசுற்றிக் கீழே விழாதிருக்க வேண்டுமல்லவா?

இவ்வளவும் செய்து கடைசியில் எண்ணை எழுதுவதிலும் ஒரு தர்மம் இருக்கிறது. கூட்டம் மிகுந்த இடங்களில் சில பதிவேடுகளைப் புரட்டினால், வரிசையாக 130/80, 130/80, 140/90 என்றே காணப்படும். பூஜ்யத்தில் முடியும் எண்ணை எழுதுவது கைக்குச் சுலபமான பழக்கமாகிவிடுகிறது. 146 என்று கண்டதை 146 என்றே எழுதுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 138-ஐ 140 ஆக்கினால் ஆயுள் முழுதும் மாத்திரை என்றாகிவிடக்கூடும். 142-ஐ 130 ஆக்கினால் கவனிப்பாரற்ற நோய்.

பாதரசக் கருவி இப்போது ஆஸ்பத்திரிகளிலிருந்து மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பாதரசத்தின் விஷத்தால் துன்புற்ற ஜப்பானிய ஊரின் பெயரைத் தாங்கி 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அதற்கு முக்கிய காரணம். அதன் இடத்தில் வந்திருக்கும் மின்சாரக் கருவி காதால் கேட்பதில்லை. பட்டைக்குள் எழும் அதிர்வுகளை உணர்ந்து, அவற்றிலிருந்து இரண்டு எண்களையும் கணக்கிட்டுச் சொல்கிறது. பார்ப்பவரின் விருப்பு வெறுப்பு அதில் கலப்பதில்லை என்பது பெரிய நன்மை. ஆயினும் நாடி தாறுமாறாகத் துடிக்கும் நோயாளியிடம் அது தடுமாறக்கூடும். அப்போது பழைய ஸ்டெதஸ்கோப்பே கைகொடுக்கிறது. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, சட்டைக்கைக்கு மேல் பட்டையைக் கட்டிக்கொண்டால், எந்தக் கருவியும் உண்மை சொல்லாது.

ஒரு நாள் எண் உயர்ந்துவிட்டது என்பதனாலேயே ஒருவரை நோயாளி என்று தீர்மானிப்பதில்லை. வெவ்வேறு நாட்களில் முறையாகப் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று நம் நாட்டிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் கொள்கிறார்கள். அமெரிக்க இருதய வைத்தியர்கள் 2017 முதல் 130/80 என்ற வரம்பை வைத்திருக்கிறார்கள். டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அழுத்தம் ஏறி, வீட்டுக்குப் போனதும் இறங்கிவிடும் மனிதர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் சாதாரணமாகக் காட்டி, வீட்டிலும் வேலையிடத்திலும் உயர்ந்து நிற்கும் ஏமாற்று வகையும் உண்டு. ஆகையால் வீட்டில் காலையிலும் மாலையிலும் சில நாட்கள் பார்த்து எழுதி வரச் சொல்கிறார்கள். நோய் உறுதியானால், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும், சிறுநீரகத்தின் நலத்தைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்றும், இ.சி.ஜி.யில் இருதயம் பருத்ததற்கான குறி தென்படுகிறதா என்றும் பார்க்கிறார்கள். கண்ணின் உட்புறத்தையும் பரிசோதிக்கிறார்கள். சரீரத்தில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் அது.

கண்டுபிடித்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லாதிருந்த காலமும் ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் பரிசோதித்த ஹோவர்டு புரூயென் என்னும் இருதய வைத்தியர் 186/108 என்று குறித்தார். ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, குறைவான சிகரெட், இருதயத்துக்கு டிஜிடாலிஸ் மருந்து இவற்றைத் தவிர, உலகத்தின் மிக வல்லமை வாய்ந்த அந்த மனிதருக்குக் கொடுக்க வைத்திய சாஸ்திரத்தினிடம் வேறு அதிகமில்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவர் மாண்ட அன்று அழுத்தம் 300/190 என்று பதிவாகியிருக்கிறது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் மாத்திரை, அன்று வெள்ளை மாளிகையில் கிடைக்கவில்லை.

அந்த இருளில் நம் நாட்டிலிருந்தும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் வைத்தியர்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திவந்த சர்ப்பகந்தா வேரை, பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் பிரயோகித்து, அதனால் ரத்த அழுத்தம் இறங்குவதை 1949-இல் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். சில வருஷங்களில் அவ்வேரின் சத்தான ரெஸர்பின் உலகமெங்கும் பரவியது. பின்பு சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் மாத்திரைகள் வந்தன. 1967-இல் எட்வர்டு பிரைஸ் என்பவரின் தலைமையில் அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்கள் 143 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் விளைவுகள் நேர்ந்திருக்க, மருந்து பெற்றவர்களில் இருவருக்கே நேர்ந்தன. மிக உயர்ந்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதில் அதற்குப்பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பிரேஸில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த கேப்டோபிரில் என்னும் மாத்திரை 1981-இல் வழக்கத்துக்கு வந்தது. எனலாப்ரில் முதலியவை அதன் சந்ததி.

இன்று டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகள் பெரும்பாலும் மூன்று குலத்தவை. அம்லோடிபின் குழாய்களைத் தளர்த்துகிறது. சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை குழாய்களை இறுக்கும் இரசாயனத்தின் உற்பத்தியையோ வேலையையோ தடுக்கின்றன. எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். கர்ப்பிணிகள் இந்த இரண்டாம் குலத்து மருந்துகளை உட்கொள்ளவே கூடாது. மூன்றாவது, ‘நீர் மாத்திரை’ என்று ஜனங்கள் சொல்லும் வகை. ஒன்றில் அடங்காவிட்டால் அளவைக் கூட்டியோ மற்றொன்றைச் சேர்த்தோ படிப்படியாகப் போகிறார்கள். மருந்தோடு உப்பும் குறைய வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் போடுவதை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடைப் பலகாரம் இவற்றில் ஒளிந்திருப்பதையும் சேர்க்கவேண்டும். இந்துப்பு கெடுதலில்லை என்று நம்பி அள்ளிப் போடுகிறவர்கள், அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புத்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எண் மிகவும் ஏறி, மார்வலியோ, மூச்சுத்திணறலோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் கைகால் தளர்வதோ சேர்ந்திருந்தால் அது அவசர நிலை. 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். ஆனால் அங்கும் பொறுமை அவசியம். பொதுவாக முதல் ஒரு மணி நேரத்தில் கால்பங்குக்குமேல் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. முன்பு நிபெடிபின் மருந்தை நாக்கின் அடியில் விட்டு எண்ணைச் சட்டென்று விழச் செய்யும் வழக்கம் இருந்தது. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்கும் இருதயத்துக்கும் ரத்தம் திடீரென்று குறைந்து அபாயம் நேர்ந்ததால் அது கைவிடப்பட்டது.

அவசர நிலையைக் காட்டிலும் அதிகமானவர்களைக் கொல்வது அலட்சிய நிலை. என் பெரியப்பா ஒழுங்கான மனிதர். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டபின் எண் சரியாகிவிட்டதென்று கேட்டு, “நோய்தான் போய்விட்டதே” என்று நிறுத்திவிட்டார். மாத்திரையினால்தான் சரியாக இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு விடியற்காலையில் பெரியம்மா கொடுத்த காப்பி டம்ளர் அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தார். எங்கள் பெயர்களைச் சொல்ல முயன்று முயன்று, சொல்லாமலே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வராமல் நின்றுபோகும் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போவதற்காகத்தான், 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரைகளைத் திண்ணையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மேல் எண் பத்து மில்லிமீட்டர் குறைந்தாலே பக்கவாத அபாயம் சுமார் கால்பங்கு குறையும் என்று ஆராய்ச்சிகள் கூறுவதை எண்ணும்போது, அவர்கள் தோளில் தொங்கும் மருந்துப் பையின் கனம் நமக்குப் புரிகிறது.

அன்று மூதாட்டிக்கு முதல் முறை 158/92 காட்டியது. இரண்டாம் முறை 148/86. அடுத்த மருந்தைச் சேர்க்க டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்னால் நர்ஸ் கேட்டாள்: “நடுவுல மாத்திரை விட்டுப்போச்சா பாட்டி?”

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு மெல்லிய குரலில் வந்தது: “பேத்தி கல்யாணத்துக்குப் போயிருந்தேன் தாயி. டப்பாவை வீட்டுலயே வச்சுட்டேன். அஞ்சு நாளாச்சு.”

நர்ஸ் கோபிக்கவில்லை. இரண்டு எண்களையும் கண்டது கண்டபடி எழுதி, பக்கத்தில் ‘5 நாள் மாத்திரை இல்லை’ என்று குறித்து, டாக்டரிடம் அனுப்பினாள். மருந்து கூடவில்லை, பழைய மாத்திரையே ஒரு மாதத்துக்குக் கிடைத்தது. பத்து மணி வண்டி போய்விட்டிருந்தது. மூதாட்டி எழுந்த நாற்காலியில், படியேறி வந்த மூச்சோடு அடுத்தவர் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.